எடிட் செய்த வீடியோ டிவியில் திக்காமல் ஓட: எக்ஸ்போர்ட் முதல் வைஃபை வரை

நான் முதன்முதலாக முழுதாக எடிட் செய்து முடித்தது அக்கா மகளின் பள்ளி நாடகத்தை. 14 நிமிட வீடியோ. லேப்டாப்பில் அருமையாக ஓடியது. வீட்டில் எல்லாரையும் டிவி முன்னால் உட்காரவைத்து வைஃபை வழியாக அனுப்பினேன். படம் வந்தது, சத்தம் வரவில்லை. வசனம் முழுக்க மனப்பாடம் செய்து நடித்த பிள்ளை, தன் குரல் எங்கே என்று என் முகத்தையே பார்த்தாள். கோப்பில் ஒரு பழுதும் இல்லை. எடிட் முடித்ததை ஒரே வீடியோ கோப்பாக வெளியே எடுக்கும் எக்ஸ்போர்ட் பக்கத்தில் ஆடியோ வகை என்று ஒரு கட்டம் இருந்தது. அதை நான் திறந்தே பார்க்கவில்லை. அதில் தானாக இருந்த வகை லேப்டாப்புக்குப் புரிந்தது, டிவிக்குப் புரியவில்லை.

அப்படிக் கவனிக்க வேண்டிய கட்டங்கள் இன்னும் ஏழெட்டு இருக்கின்றன. ஒருமுறை புரிந்துகொண்டால் பிறகு பயமே இல்லை. எடிட்டிங் பழக ஆரம்பித்திருப்பவர்களுக்காக, எது ஏன் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

மூட்டையைப் பிரிப்பது யார்?

எந்த வீடியோ கோப்பும் சுருக்கி இறுக்கிக் கட்டிய மூட்டைதான். பார்ப்பதற்கு முன் யாராவது அதைப் பிரித்தாக வேண்டும். லேப்டாப்பிலிருந்து டிவிக்குப் போகும்போது அந்த வேலையைச் செய்வது லேப்டாப்பா, டிவியா? இதற்குப் பதில் தெரியாமல் எக்ஸ்போர்ட் பொத்தானைத் தொடாதீர்கள். மற்ற எல்லா முடிவுகளும் இதிலிருந்துதான் வருகின்றன.

முதல் வழி, திரையை அப்படியே டிவியில் காட்டுவது. இதை ஸ்கிரீன் மிரரிங் என்பார்கள். விண்டோஸ் லேப்டாப்களில் இருக்கும் மிராகாஸ்ட் இந்த வகை. 2012-இல் வைஃபை அலையன்ஸ் என்ற அமைப்பு கொண்டுவந்த முறை இது. இங்கே லேப்டாப் வீடியோவைப் பிரித்துத் தன் திரையில் காட்டுகிறது, அந்தத் திரையைப் படம் பிடிக்கிறது, அதே நொடியில் மறுபடி சுருக்கி டிவிக்கு அனுப்புகிறது. லேப்டாப்பில் ஓடும் எந்த வகைக் கோப்பும் டிவியில் தெரியும் என்பது இதன் வசதி. ஆனால் படம் இரண்டு முறை சுருக்கப்படுகிறது. அதுவும் இரண்டாவது முறை அவசர அவசரமாக. வேகமாக நகரும் காட்சிகளில் கட்டம் கட்டமாக உடைவதும், உதட்டசைவுக்குக் கொஞ்சம் பின்னால் குரல் வருவதும் அதனால்தான். நடுவில் ஒரு அறிவிப்பு வந்தால் அதுவும் டிவியில் தெரியும்.

இரண்டாவது வழி, கோப்பையே அனுப்புவது. லேப்டாப் இங்கே வெறும் கிடங்கு. சுருக்கிய கோப்பு துண்டு துண்டாக ரவுட்டர் வழியே போகிறது, டிவிக்குள் இருக்கும் சிப் அதைப் பிரித்துக் காட்டுகிறது. வீட்டுக் கருவிகள் தங்களுக்குள் வீடியோ பகிர்ந்துகொள்வதற்காக 2003-இல் தொடங்கிய டிஎல்என்ஏ முறை, ஆப்பிளின் ஏர்பிளே, குரோம்காஸ்ட் ஆகியவற்றில் இப்படி அனுப்ப முடியும். நீங்கள் எக்ஸ்போர்ட் செய்த தரம் அப்படியே டிவிக்குப் போய்ச் சேரும், லேப்டாப்பும் சூடாகாது. ஒரே நிபந்தனை, கோப்பின் வகை டிவிக்குத் தெரிந்ததாக இருக்க வேண்டும்.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், இரண்டுக்கும் 'காஸ்ட்' என்றே பெயர் போட்டுவிடுகிறார்கள். எது நடக்கிறது என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. மவுஸ் அம்பு டிவியிலும் நகர்ந்தால் அது மிரரிங். லேப்டாப்பில் வேறு வேலை பார்க்கும்போதும் டிவியில் படம் மட்டும் நிம்மதியாக ஓடினால், போவது கோப்பு.

எடிட் பாதியில் இருக்கும்போது ஒரு காட்சி பெரிய திரையில் எப்படித் தெரிகிறது என்று பார்க்க மிரரிங் போதும். முடித்த வீடியோவை நாலு பேருக்குப் போட்டுக் காட்டுவதற்கு நான் இரண்டாவது வழியைத்தான் சொல்வேன். இனி வருவது எல்லாம் அதற்கானது.

பெட்டி வேறு, உள்ளே இருப்பது வேறு

எம்பி4, எம்ஓவி, எம்கேவி என்று கோப்புப் பெயரின் கடைசியில் வருவது வெளிப்பெட்டியின் பெயர் மட்டுமே. உள்ளே படம் எந்த முறையில் சுருக்கப்பட்டிருக்கிறது, ஒலி எந்த முறையில் சுருக்கப்பட்டிருக்கிறது என்பது தனி விஷயம். அந்த முறைகளுக்குக் கோடெக் என்று பெயர். எம்பி4 என்று பெயர் இருந்தும் டிவி ஏன் ஏற்கவில்லை என்று பலர் தலையைப் பிய்த்துக்கொள்வது, இந்த வித்தியாசம் தெரியாததால்தான்.

எடிட்டிங் மென்பொருள்கள் புரோரெஸ், டிஎன்எக்ஸ்எச்ஆர் போன்ற கோடெக்குகளிலும் எக்ஸ்போர்ட் செய்யும். அவை எடிட் செய்பவர்களின் மேசைக்காக உருவானவை. தரம் மிக உயர்ந்தது, ஆனால் டிவிக்குள் இருக்கும் சிப்புக்கு அவை தெரியாது. எடையும் சாதாரணமில்லை. 1080பி அளவில் நொடிக்கு 30 ஃபிரேம், அதாவது 30 தனிப்படங்கள், வைத்தால், புரோரெஸ் 422 எச்க்யூ நொடிக்குச் சுமார் 220 மெகாபிட் எடுக்கும். ஒரு நிமிடத்துக்கு ஒன்றரை ஜிகாபைட்டுக்கும் மேல். 'அதிகபட்சத் தரம்' என்று இருப்பதைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்தால் இங்கேதான் வந்து நிற்போம். ஐமூவியில் 'பெஸ்ட்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் கிடைப்பது புரோரெஸ் கோப்புதான். அதற்கு ஒரு படி கீழே இருக்கும் 'ஹை' நம் வேலைக்குச் சரி.

எக்ஸ்போர்ட் பக்கத்தில் என்ன வைக்க வேண்டும்

பெட்டி எம்பி4. படத்துக்கு எச்.264. 2003-இல் வந்த இந்தக் கோடெக்கைப் பிரிக்கத் தெரியாத ஸ்மார்ட் டிவியை நான் பார்த்ததில்லை. 2013-இல் வந்த எச்.265, அதாவது எச்இவிசி, கிட்டத்தட்ட பாதி எடையில் அதே தரத்தைத் தரும். உங்கள் டிவி 4கே, நீங்கள் எடுத்ததும் 4கே என்றால் அதைத் தேர்ந்தெடுங்கள். மற்றபடி புதிதாகத் தொடங்குபவர்களுக்கு எச்.264 போதும். அதில் புரொஃபைல் என்று கேட்டால் 'ஹை' என்று வையுங்கள். வண்ணத்தை இன்னும் நுணுக்கமாகப் பதியும் 10 பிட், 4:2:2 என்றெல்லாம் இருப்பவற்றை எச்.264-இல் தொடவே தொடாதீர்கள். லேப்டாப்பில் ஓடும், ஆனால் பெரும்பாலான டிவிகளில் ஓடாது. 8 பிட், 4:2:0 என்பதுதான் டிவிக்குப் பழகிய பாதை.

ரெசல்யூஷன், அதாவது படத்தின் அளவு, டைம்லைனில் (துண்டுகளை வரிசையாக அடுக்கி எடிட் செய்யும் பட்டை) உள்ளதே இருக்கட்டும். 1080பி-யில் எடுத்த வீடியோவை 4கே-யாக எக்ஸ்போர்ட் செய்வதால் கோப்புதான் பெருக்கும், படத்தில் புதிதாக எதுவும் வந்துவிடாது. பெரிதாக்கும் வேலையை டிவி தானே செய்துகொள்ளும்.

ஃபிரேம் ரேட் விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். 30-இல் எடுத்ததை 30-ஆகவே, 25-இல் எடுத்ததை 25-ஆகவே வெளியே எடுங்கள். 30-ஐ 25-ஆக மாற்றினால், கேமரா பக்கவாட்டில் நகரும் இடங்களில் படம் வெட்டி வெட்டிப் போகும். சிறிய திரையில் கண்ணுக்குத் தப்பிவிடும், 50 அங்குல டிவியில் தப்பாது. இன்னொன்று, கைபேசிகள் ஒரே சீரான வேகத்தில் பதிவு செய்வதில்லை. வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப ஃபிரேம் ரேட் சற்று ஏறி இறங்கும். அந்தக் கோப்புகளை அப்படியே எடிட் செய்தால், நிமிடங்கள் போகப் போக உதடும் குரலும் விலகலாம். அப்படி நடந்தால் எடிட் செய்வதற்கு முன்பே ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் மூலக் கோப்பைப் போட்டு, 'கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட்' என்று மாற்றிக்கொண்டு வாருங்கள்.

அடுத்தது பிட்ரேட். வைஃபையில் திக்குவதா, ஓடுவதா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இதுதான். நொடிக்கு எத்தனை மெகாபிட் தகவல் செலவாகலாம் என்ற வரம்பு இது. என் அனுபவத்தில் 1080பி, 30 ஃபிரேம் வீடியோவுக்கு 10 முதல் 15 மெகாபிட் தாராளம். 60 ஃபிரேம் என்றால் 20 வரை போகலாம். 4கே-யை எச்.265-இல் எடுத்தால் 30 முதல் 40. கோப்பு எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். பிட்ரேட்டை நொடிகளால் பெருக்கி 8-ஆல் வகுத்தால் மெகாபைட். 12 மெகாபிட்டில் 10 நிமிட வீடியோ என்றால் 12 × 600 ÷ 8 = 900 மெகாபைட். ஒலி கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

சரி, பிட்ரேட்டை ஏற்றிக்கொண்டே போனால் படம் இன்னும் நன்றாக வராதா? ஓர் அளவுக்கு மேல் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. வைஃபைக்குத்தான் பாரம் கூடும். இன்னொன்றையும் கவனியுங்கள். வேரியபிள் பிட்ரேட் என்பதைத் தேர்ந்தெடுத்தால், அமைதியான காட்சிகளுக்குக் குறைவாகவும் மழை, அலை, காற்றில் ஆடும் இலைகள், கூட்டம் போன்ற காட்சிகளுக்கு அதிகமாகவும் மென்பொருளே பிரித்துக் கொடுக்கும். நல்ல விஷயம்தான். ஆனால் உச்ச வரம்பு என்று ஒரு கட்டம் இருந்தால் அதையும் நிரப்புங்கள். சராசரி 12 என்றால் உச்சம் 20. இல்லாவிட்டால் 10 நிமிடம் ஒழுங்காக ஓடிய வீடியோ, மழைக்காட்சி வந்ததும் நின்றுவிடும்.

ஒலிக்கு ஏஏசி, 48 கிலோஹெர்ட்ஸ், ஸ்டீரியோ, நொடிக்கு 192 முதல் 320 கிலோபிட். என் நாடக வீடியோவில் பிசிஎம் என்ற சுருக்காத ஒலி இருந்தது. எம்ஓவி பெட்டியைத் தேர்ந்தெடுத்தால் சில மென்பொருள்கள் தாமாகவே அதை வைத்துவிடும். இந்தக் கட்டத்தைத் திறந்து பார்க்காமல் இனி நான் எக்ஸ்போர்ட் செய்வதில்லை.

வண்ணத்துக்கு ரெக்.709, எச்டி டிவிகளின் வழக்கமான வண்ண முறை. 'ஃபுல் ரேஞ்ச்' என்று ஒன்று இருந்தால் அதை விட்டுவிடுங்கள். டிவி வழக்கமாக எதிர்பார்ப்பது 16 முதல் 235 வரையிலான வெளிச்ச அளவை. 0 முதல் 255 வரை அனுப்பினால் இருட்டான பகுதிகள் மைக்கறுப்பாகி, தலைமுடிக்கும் பின்னணிக்கும் வேறுபாடு தெரியாமல் போகும்.

கடைசியாக ஒரு சின்னக் கட்டம், பலர் கண்ணில் படாதது: 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்' அல்லது 'வெப் ஆப்டிமைஸ்டு'. எம்பி4 கோப்புக்குப் பொருளடக்கம் மாதிரி ஒரு பகுதி உண்டு. எந்த ஃபிரேம் எங்கே இருக்கிறது என்ற பட்டியல். எழுதி முடித்த பிறகுதான் அது முழுமையாகத் தெரியும் என்பதால் கோப்பின் கடைசியில் போய் உட்காரும். வைஃபை வழியாகப் படிக்கும் டிவி அதைத் தேடிக் கடைசி வரை போக வேண்டும். சில டிவிகள் அப்படித் தேடாமல், கோப்பு செல்லாது என்று சொல்லிவிடும். இந்தக் கட்டத்தில் டிக் போட்டால் பொருளடக்கம் முன்னால் வந்துவிடும்.

எந்த மென்பொருளில் எங்கே

டாவின்சி ரிசால்வில் 'டெலிவர்' பக்கம். பிரீமியரில் 'எக்ஸ்போர்ட்'. கேடென்லைவில் 'ரெண்டர்', அதில் எம்பி4, எச்264, ஏஏசி என்று தயாராக ஒரு தேர்வு இருக்கும். ஷாட்கட்டில் எதையும் மாற்றாவிட்டாலே எச்.264-உம் ஏஏசி-யும் எம்பி4-இல் வரும். உங்கள் மென்பொருளில் இவை கிடைக்கவில்லை என்றால் கவலைப்பட வேண்டாம். கிடைப்பதிலேயே உயர்ந்த தரத்தில் எடுத்து, ஹேண்ட்பிரேக்கில் 'ஃபாஸ்ட் 1080பி30' என்ற தேர்வு வழியாக மாற்றிக்கொள்ளுங்கள்.

தமிழ் வசனவரிகள் இருந்தால்

வசனவரிகளை எஸ்ஆர்டி கோப்பாகத் தனியே வைத்து, வீடியோவின் பெயரையே அதற்கும் கொடுத்தால் பல டிவிகள் எடுத்துக்கொள்ளும். ஆனால் தமிழுக்கு இதை நம்ப வேண்டாம் என்பது என் கருத்து. டிவியின் எழுத்துருவில் தமிழ் இல்லாவிட்டால் வெறும் கட்டங்கள் வரும். இருந்தாலும் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கலாம். எக்ஸ்போர்ட் செய்யும்போதே வசனவரிகளைப் படத்தோடு சேர்த்து எரித்துவிடுங்கள். ஆங்கிலத்தில் 'பர்ன் இன்' என்று இருக்கும். திரையின் ஓரத்தை ஒட்டி எழுத்துகளை வைக்காதீர்கள். சில டிவிகள் நான்கு பக்கமும் கொஞ்சம் வெட்டிவிட்டுத்தான் காட்டும்.

முழு வீடியோவுக்கு முன் 30 நொடி

இதை மட்டும் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். டைம்லைனில் மிகவும் பரபரப்பான இடமாகப் பார்த்து 30 நொடியைத் தேர்ந்தெடுங்கள். கூட்டம் ஆடும் காட்சி, தண்ணீர், பின்னணி இசையோடு பேச்சும் கலந்த இடம், இப்படி. 'இன்', 'அவுட்' குறிகள் வைத்து அந்தத் துண்டை மட்டும் எக்ஸ்போர்ட் செய்து டிவிக்கு அனுப்பிப் பாருங்கள். டைட்டில் கார்டை வைத்துச் சோதிப்பதில் பயனில்லை. அசையாத படம் எந்த வைஃபையிலும் ஓடும்.

துண்டு ஓடாவிட்டால் கோப்புக்குள் உண்மையில் என்ன இருக்கிறது என்று மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் திறந்து பாருங்கள். படத்தின் கோடெக், பிட் ஆழம், ஒலியின் கோடெக், பிட்ரேட் எல்லாம் அதில் தெரியும். நீங்கள் தேர்ந்தெடுத்ததாக நினைப்பதும் கோப்பில் இருப்பதும் ஒன்றல்ல என்று பல நேரம் அங்கேதான் தெரியவரும்.

அனுப்பும் நேரம்

லேப்டாப்பும் டிவியும் ஒரே நெட்வொர்க்கில் இருக்க வேண்டும். விருந்தினருக்கான கெஸ்ட் நெட்வொர்க்கில் ஒன்று இருந்தால் மற்றதன் கண்ணில் படாது. இணையப் போக்குவரத்தை வேறு வழியாகத் திருப்பும் விபிஎன் ஓடினால் அணைத்துவிடுங்கள். விண்டோஸில் உங்கள் வீட்டு வைஃபை 'பிரைவேட்' என்று குறிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

1. விண்டோஸில் கோப்பின் மேல் வலது கிளிக் செய்து 'காஸ்ட் டு டிவைஸ்' என்பதில் டிவியின் பெயரைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 11-இல் முதலில் 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' அழுத்த வேண்டியிருக்கும். இதில் போவது கோப்பு. விண்டோஸ் விசையையும் கே விசையையும் சேர்த்து அழுத்தினால் வருவது மிரரிங், குழப்பிக்கொள்ளாதீர்கள்.
2. மேக்கில் குவிக்டைம் பிளேயரில் வீடியோவைத் திறந்து, அதிலுள்ள ஏர்பிளே குறியை அழுத்துங்கள். டிவியும் ஏர்பிளே தெரிந்ததாக இருக்க வேண்டும்.
3. குரோம்காஸ்ட் இருந்தால் விஎல்சி 3.0 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பில் 'பிளேபேக்', அதற்குள் 'ரெண்டரர்' என்று போய் டிவியைத் தேர்ந்தெடுக்கலாம்.

அடிக்கடி வீடியோ போட்டுக் காட்டுபவர்கள் ஜெல்லிஃபின் போன்ற இலவச மீடியா சர்வரை லேப்டாப்பில் நிறுவிக்கொள்வது நல்லது. டிவிக்குப் புரியாத கோப்பாக இருந்தால் அதுவே அந்த நேரத்தில் மாற்றி அனுப்பும். ஆனால் அந்த மாற்றும் வேலை லேப்டாப்பின் தலையில்தான் விழும், எனவே எக்ஸ்போர்ட்டைச் சரியாகச் செய்வதற்கு அது மாற்று அல்ல.

இந்த மூன்று முறைகளிலும் வீடியோ ரவுட்டரைத் தாண்டி வெளியே போவதில்லை. டேட்டா தீர்ந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். அதேபோல, இணைய வேகம் குறைவாக இருப்பதும் இங்கே தடையாகாது. திக்கினால் குறை இணையத்தில் இல்லை, வீட்டுக்குள் இருக்கும் காற்றுவெளியில்.

லேப்டாப்பும் வைஃபை, டிவியும் வைஃபை என்றால், ஒவ்வொரு துண்டும் லேப்டாப்பிலிருந்து ரவுட்டருக்கு ஒருமுறை, ரவுட்டரிலிருந்து டிவிக்கு இன்னொருமுறை என இரண்டு தடவை காற்றில் போகிறது. இரண்டும் ஒரே அலைவரிசையில் இருந்தால் கிடைக்கும் வேகம் ஏறத்தாழ பாதியாகிவிடும். டிவியை மட்டும் கேபிள் மூலம் ரவுட்டரில் இணைத்தால் இந்தப் பாரம் சட்டென்று குறையும். பெரும்பாலான டிவிகளில் அந்தத் துளையின் வேகம் 100 மெகாபிட்தான், ஆனால் நாம் எக்ஸ்போர்ட் செய்த 12-க்கோ 40-க்கோ அது தாராளம். கேபிள் முடியாது என்றால் இரண்டையும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவர்களைத் தாண்டி நன்றாகப் போகும், ஆனால் புளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் பக்கத்து வீட்டு வைஃபையும் அதே இடத்தில் நெருக்கியடிக்கும்.

அப்புறம் ஒன்று, நான் வெகுநாள் கவனிக்காதது. எக்ஸ்போர்ட் செய்த கோப்பைக் கிளவுடோடு ஒத்திசையும் ஃபோல்டரில் வைக்காதீர்கள். 900 மெகாபைட் புதுக்கோப்பைக் கண்டதும் லேப்டாப் அதை மேலே ஏற்ற ஆரம்பிக்கும், சரியாக நீங்கள் டிவிக்கு அனுப்பும் அதே நேரத்தில். ஒத்திசைக்காத ஒரு தனி ஃபோல்டரில் போட்டுவிடுங்கள். பவர் செட்டிங்ஸில் லேப்டாப் தூங்கப் போகாதபடி வைத்து, சார்ஜரையும் செருகிவிடுங்கள். மூடியை மூடினால் படம் நின்றுவிடும்.

ஓடாவிட்டால்

படம் வந்து சத்தம் வராவிட்டால் ஆடியோ கோடெக். சத்தம் வந்து திரை கறுப்பாக இருந்தால் படத்தின் கோடெக் அல்லது 10 பிட். டிவியின் பெயரே பட்டியலில் வராவிட்டால் நெட்வொர்க். நன்றாகத் தொடங்கி நடுவில் நிற்கிறது என்றால் பிட்ரேட்டின் உச்ச வரம்பு அல்லது வைஃபை. எது என்று பிரித்தறிய அதே கோப்பைப் பென்டிரைவில் போட்டு டிவியில் செருகிப் பாருங்கள். அதில் சரியாக ஓடினால் கோப்பு நல்ல கோப்பு, குறை வைஃபையில். அதிலும் ஓடாவிட்டால் எக்ஸ்போர்ட் பக்கத்துக்குத் திரும்ப வேண்டியதுதான். பென்டிரைவ் ஃபேட்32 முறையில் இருந்தால் 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு அதில் ஏறாது, எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றும்போது உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், முன்பே வேறிடத்தில் எடுத்து வையுங்கள்.

30 நொடித் துண்டு சுத்தமாக ஓடியதும், முழு வீடியோவை எக்ஸ்போர்ட் செய்வதற்கு முன், அந்த செட்டிங்ஸைப் பிரீசெட்டாகச் சேமித்து உங்கள் டிவியின் பெயரையே அதற்கு வையுங்கள். டைம்லைனை உயர் தரத்தில் ஒருமுறை தனியாகவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு டிவி மாறினாலும் அதிலிருந்து புதிய டிவிக்கு ஏற்றபடி மறுபடி எடுக்கலாம். அந்தப் பள்ளி நாடகத்தை நான் அப்படி மூன்று முறை எடுத்திருக்கிறேன்.